விசும் மென்பொருள்: பயணி கிளம்ப நினைக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்கிறது

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரத்து பிடிவி நிறுவனம் தரும் விசும், போக்குவரத்தைத் திட்டமிட உதவும் ஒரு பெரிய மென்பொருள். நான் சொல்லப்போவது அதன் ஒரு பகுதியை மட்டும்: கால அட்டவணையை வைத்து, எந்த வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று பிரிக்கும் கணக்கு.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் ஊரில் யாரும் அட்டவணை பார்ப்பதில்லை, அங்கே இது தேவையே இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் சூரிச்–பெர்ன் போன்ற ரயில் தடத்தில் கதை வேறு. 2004 டிசம்பரில் புதுப் பாதை திறந்தபின் 56 நிமிட ஓட்டம், அரைமணிக்கு ஒரு விரைவு ரயில். 7:32க்கு ஒன்று, விட்டால் 8:02. 7:48க்குக் கிளம்ப நினைப்பவருக்கு ஒன்று 16 நிமிடம் முந்தி, மற்றது 14 நிமிடம் பிந்தி. ஓட்ட நேரம் ஒன்றே, எனவே பயண நேரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு முறைக்கு இரண்டும் சமம். விசுமில் முந்துவதற்கு ஒரு எடை, பிந்துவதற்கு வேறு எடை என்று கொடுக்கலாம். பிந்துவது இருமடங்கு சிரமம் என்று வைத்தால் 16க்கு எதிரே 28, அப்போது 7:32 பக்கம்தான் அதிகம் பேர் சாய்வார்கள். அதற்காக எல்லோரையும் அதிலேயே ஏற்றிவிடாது, லாஜிட் போன்ற, சிரமம் குறைந்த வண்டிக்கு அதிகப் பங்கு தரும் சூத்திரத்தால் பயணிகளைப் பங்கு பிரிக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

ஒரு இடத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். பயணிகள் கிளம்ப விரும்பும் நேரத்தை நாம் துண்டு துண்டாகத்தான் கொடுக்கிறோம், வண்டி அந்தத் துண்டுக்குள் கிளம்பினால் விலகல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஏழிலிருந்து எட்டு வரை ஒரே துண்டாக வைத்தால், 7:48காரருக்கு 7:02 வண்டியும் 7:32 வண்டியும் ஒரே மாதிரி வசதி என்று முடிவு வரும், பார்ப்பதற்கு எண்கள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்! ஐந்து நிமிடத் துண்டுகளாக உடையுங்கள். கணக்கு ஓடக் கூடுதல் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு வண்டி இருந்தால், அவற்றை முழுக்கத் தனித்தனித் தேர்வுகளாக எண்ணாமல் பங்கைக் குறைக்கும் வசதியும் உண்டு, அதை அணைத்து வைக்காதீர்கள்.

எடைகளை உள்ளூர்ப் பயணிகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அலுவலகம் போகிறவரையும் கடைக்குப் போகிறவரையும் தனித்தனியாகக் கேளுங்கள், முன்னவருக்குப் பத்து நிமிடத் தாமதமே சம்பளப் பிரச்சினை.