ஓவல் டெஸ்ட் டிக்கெட் என்று ₹38,000 போச்சு: மதுரைக்காரர்கள் கவனம்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த இந்தியா-இங்கிலாந்து டெஸ்ட்டுக்கு இரண்டு டிக்கெட் என்று சொல்லி, பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஒரு டிராவல்ஸ் கடை எங்களிடம் ₹38,000 வாங்கியது. இரண்டுமே போலி.

அப்பாவுக்கு எழுபது வயது. 1971 ஆகஸ்டில் வடேகர் தலைமையில் நம் இந்திய அணி இதே ஓவலில் ஜெயித்தபோது தல்லாகுளத்தில் ஒரு டீக்கடை ரேடியோ முன்னால் நின்று கேட்டவர். சந்திரசேகருக்கு ஆறு விக்கெட், இங்கிலாந்து 101-க்கு ஆல் அவுட் என்று இன்றைக்கும் ஒப்பிப்பார். அந்த மண்ணில் நமக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. இப்போது தங்கச்சி லண்டனில் இருக்கிறாள். அங்கே போகும்போது ஓவலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கணும் என்றார். வாய்விட்டு எதையும் கேட்கிற ஆளே இல்லை அவர்.

விமான டிக்கெட் போட்ட கடையிலேயே விசாரித்தேன். ஓனர் அப்பாவை உட்காரவைத்து, பையனை அனுப்பிக் காபி வரவழைத்தார். "ஐயா, நாலாம் நாள் போங்க, ஞாயித்துக்கிழமை. லண்டன்ல நம்ம ஆளு இருக்காரு" என்றார். அந்த 'ஐயா'வில் விழுந்துவிட்டோம். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்னண்ணே பில்லு" என்று சிரித்தார். அங்கேயே ₹38,000 ஜிபே பண்ணினேன். போனில் வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒருவருடைய பெயர். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, மதியம் மூன்றரை. டிவியில் கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் அம்மா அப்பாவுடைய நீலத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை போன் வந்தது. "மச்சான், ஸ்கேன் ஆகலை. இப்படி ஒரு டிக்கெட்டே இல்லைங்கிறாங்க." வாசலில் அரை மணி நேரம் மன்றாடிவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். அப்புறம் உற்றுப் பார்த்தால், இரண்டு தாளிலும் ஒரே பார்கோடு. சீட் நம்பரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அப்பா உடனே கிளம்பவில்லையாம். இங்கிலாந்தின் புரூக் அடித்ததைப் பிடித்துவிட்டு நம்ம சிராஜ் எல்லைக் கயிற்றை மிதித்தாரே, அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கிறது. "விக்கெட்டா, சிக்ஸா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டாராம். 54 வருஷம் கழித்தும் அவருக்குச் சத்தம்தான் கிடைத்தது. மறுநாள் நாம் ஆறு ரன்னில் ஜெயித்ததைத் தங்கச்சி வீட்டு சோபாவில் பார்த்தார்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன், ஓனர் வெளியூர். செவ்வாய், "லண்டன் பார்ட்டி போனை எடுக்கலைண்ணே." புதன், "நாங்க நடுவுல இருந்தவங்கதான்." நேற்று என்ன சொன்னார் தெரியுமா? "அதான் மேட்ச் ஜெயிச்சாச்சுல்ல, விடுங்கண்ணே." என் கை நடுங்கிவிட்டது. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

வெளிநாட்டு மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட்டை மைதானத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள். பில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போனது தெரிந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் நாலு நாளைக் கடைக்கு அலைந்தே விட்டுவிட்டேன். நுகர்வோர் புகாருக்கு 1915.

அப்பா அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். அதற்குள் அந்த ₹38,000 கைக்கு வர வேண்டும். நாளைக் காலையில் கடை திறக்கும்போது வாசலில் இருப்பேன்.