மஞ்சள் படிந்த டகுமாரும் தருமபுரி வெயிலும்: அசாகி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ரிவ்யூ

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் இருந்துகொண்டு, பக்கத்தில் பழைய கேமரா ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாமல், முதல் பிலிம் கேமரா வாங்க நினைப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது அசாகி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். அதோடு வரும் 50 எம்எம் எஃப் 1.4 சூப்பர் டகுமார் லென்ஸ் மஞ்சளாகிப் போயிருந்தால் பின்வாங்க வேண்டாம், அதையே காரணமாகச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்த மஞ்சளை எடுக்க வேண்டியது வெயில் மட்டும்தான், அது நம்மிடம் ஏராளமாக இருக்கிறது.

என்னுடையது பென்னாகரம் ரோட்டில் முன்பு ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவரின் பீரோவிலிருந்து வந்தது. தோல் உறை வெடித்திருந்தது, கேமரா உடம்பில் ஒரு சொட்டை கூட இல்லை. லென்ஸைக் கழற்றி ஜன்னல் பக்கம் காட்டினால் தேநீர் டிகாக்ஷன் நிறம். "கலர் ரோல் போட்டா எல்லாமே மஞ்சளா வருது தம்பி, அதான் ஓரமா வெச்சுட்டேன்" என்றார். "ஃபங்கஸ் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டதற்கு டார்ச் எடுத்து அவரே பின்பக்கம் வழியாக அடித்துக் காட்டினார். நூல் நூலாக எதுவும் இல்லை. நம் பக்கத்துக் காற்று வறண்ட காற்று. கடலோரத்தில் இருந்து வரும் லென்ஸ்களில் பாதிக்கு மேல் பூஞ்சையோடுதான் என் கைக்கு வந்திருக்கின்றன, இங்கே பீரோவிலேயே கிடந்தவை பெரும்பாலும் தப்பித்திருக்கின்றன.

கேமராவைப் பற்றி முதலில். ஸ்பாட்மேட்டிக் 1964-ல் விற்பனைக்கு வந்தது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தையே அளக்கும் மீட்டர் உள்ளே இருந்ததுதான் அன்றைக்குப் பெரிய விஷயம். பெயரைப் பார்த்து ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) என்று எதிர்பார்க்காதீர்கள், ஃபிரேம் முழுவதையும் சராசரியாகத்தான் அளக்கும். வானம் அதிகமாக உள்ளே வந்தால் ஆள் கருப்பாகிவிடுவார், அதனால் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து அளந்துவிட்டு, அப்புறம் ஃபிரேம் வையுங்கள். ஷட்டர் 1 நொடியிலிருந்து 1/1000 வரை, முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் கேமரா ஓடும் என்பது இந்த ஊரில் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, எலக்ட்ரானிக் ஷட்டர் உள்ள பழைய கேமரா வாங்கி, உள்ளே சர்க்யூட் போய், பார்க்க ஆளில்லாமல் அலமாரியில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இதற்கு முதலில் போட்ட பேட்டரி பிஎக்ஸ்400, 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. இப்போது கிடைக்காது, பாதரசம் என்பதால் தயாரிப்பே நின்றுவிட்டது. பயப்பட வேண்டாம். மற்ற பல பழைய கேமராக்களில் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். ஸ்பாட்மேட்டிக்கில் பிரிட்ஜ் சர்க்யூட் இருப்பதால் வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலும் கணக்கு மாறுவதில்லை. வாட்ச் கடையில் 394 என்று கேட்டால் கொடுப்பார்கள், அளவு சிறியது, ஆடாமல் இருக்கச் சுற்றி ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டால் போதும். அடிப்பக்கம் இருக்கும் பேட்டரி மூடி பல கேமராக்களில் பச்சை பிடித்து இறுகியிருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தித் திருகினால் மூடியின் பள்ளம் வழுவழுவென்று தேய்ந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது. ஒரு துளி வினிகரைக் காது துடைக்கும் பஞ்சில் தொட்டு ஓரத்தில் வைத்து, ஊறவிட்டு, சரியான அகலமுள்ள நாணயத்தால் திருப்புங்கள். நாலு ரோடு பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் எனக்கு இதை இரண்டு நிமிஷத்தில் செய்து கொடுத்துவிட்டு காசு கூட வாங்கவில்லை.

மீட்டரை இயக்க, லென்ஸுக்குப் பக்கத்தில் இடது கை விரலுக்கு வாகாக ஒரு பொத்தான், மேலே தள்ள வேண்டும். தள்ளியதும் அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை, நிஜமாகவே சுருங்கும், வ்யூஃபைண்டரின் வலது ஓரத்தில் முள் அசையும், அதை நடுவில் கொண்டு வந்துவிட்டு ஷட்டரை அழுத்தினால் மீட்டர் தானாக அணைந்துவிடும். இந்த முறையில் ஒரு குறை உண்டு. பகல் 12 மணிக்கு அப்பர்ச்சரை எஃப் 16-க்குச் சுருக்கி வைத்தால் வ்யூஃபைண்டர் இருட்டிவிடும், ஃபோகஸ் தெரியாது. அதனால் முழு அப்பர்ச்சரில் ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு அளக்கும் பழக்கம் கைக்கு வர வேண்டும். உண்மையில் நம் ஊர் உச்சி வெயிலுக்கு மீட்டரே வேண்டாம்: எஃப் 16 வைத்து, பிலிமின் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்தில் உள்ள ஷட்டர் வேகம். கோடக் கோல்டு 200 போட்டிருந்தால் 1/250. நிழலுக்குப் போனால் மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும்) திறந்துவிடுங்கள். இந்தக் கணக்கு நம் மாவட்டத்தில் மார்ச்சிலிருந்து ஜூன் வரை பெரிதாக ஏமாற்றாது.

இப்போது லென்ஸ். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

சூப்பர் டகுமார் 50 எஃப் 1.4-ல் இரண்டு வகை. முதலில் வந்தது எட்டு கண்ணாடிகள் கொண்டது. அடுத்து வந்த ஏழு கண்ணாடி வகையில், பின்பக்கக் கண்ணாடியில் தோரியம் கலந்தார்கள். தோரியம் சேர்த்த கண்ணாடி ஒளியை அதிகமாக வளைக்கும், அதே சமயம் நிறப்பிரிகை குறைவு, அதனால் பெரிய அப்பர்ச்சர் லென்ஸ் செய்ய அந்தக் காலத்தில் பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தின. தோரியம் கதிரியக்கப் பொருள். அந்தக் கதிர்வீச்சு பல வருஷங்களாகத் தன் கண்ணாடியையே மெல்ல மெல்லத் தாக்கி மஞ்சளாக்கிவிடுகிறது. படம் எடுக்கப் பயன்படுத்துவதால் உங்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. வீட்டில் அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பது, பாலிஷ் போடுவது, உடைந்த தூளைத் தொடுவது மட்டும் கூடவே கூடாது, அந்தத் தூள் உள்ளே போனால்தான் தொல்லை.

மஞ்சள் நிரந்தரம் இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால் தெளிந்துவிடும். நான் செய்தது இதுதான்: லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை மேனுவலில் போட்டு 1.4-க்குத் திறந்து, முன்னால் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் ஒரு எவர்சில்வர் தட்டில் அலுமினிய ஃபாயில் விரித்து, பின்பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும்படி வைத்தேன். காலை வெயில் மட்டும், 11 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் முழுநாள் விட்டால் ஃபோகஸ் வளையத்தில் உள்ள கிரீஸ் இளகி அப்பர்ச்சர் தகடுகளில் இறங்கிவிடும், பிறகு தகடு ஒட்டிக்கொண்டு நகராது. இன்னொன்று முக்கியம். கீழே துணி, பேப்பர், பாய் எதுவும் இருக்கக் கூடாது. இது வெயிலைக் குவிக்கும் கண்ணாடி, தீப்பிடிக்கும். மாடியில் வடகம் காயப்போடும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள், குழந்தைகள் எடுத்துச் சூரியனைப் பார்த்துவிடக் கூடாது.

இரண்டு, மூன்று வாரங்களில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. வெள்ளைத் தாள் மேல் வைத்து வாராவாரம் போனில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், கண் பழகிவிடுவதால் மாற்றம் சட்டென்று உறைக்காது. கடைசியில் லேசான எலுமிச்சை நிறம் மிஞ்சியது, அதோடு நிறுத்திவிட்டேன். ஆவணி, புரட்டாசி மழைக்காலத்தில் செய்பவர்கள் யூவி எல்இடி விளக்கு வைத்துச் செய்யலாம், வேலை நடக்கும், விளக்கை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள்.

கருப்பு வெள்ளை மட்டும்தான் எடுக்கப் போகிறேன் என்றால் மஞ்சளை எடுக்காமலே கூட விடலாம். மஞ்சள் ஃபில்டர் போட்ட மாதிரி வானம் சற்று அடர்ந்து மேகம் தனியாகத் தெரியும், ராயக்கோட்டை மலைக்கு அது அருமையாக இருக்கிறது. வெளிச்சம் அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறையும், கேமராவின் மீட்டர் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். மீட்டர் இல்லாமல் எடுக்கும்போது மட்டும் நீங்கள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

படங்கள் எப்படி? எஃப் 1.4-ல் முகத்தைச் சுற்றி மெல்லிய பனி படர்ந்தது போல் ஒரு மென்மை, கண் இமை மட்டும் கூர்மை. 2.8 வந்ததும் முழுக்கக் கூர்மையாகிவிடுகிறது. பாலக்கோடு தக்காளி மண்டியில் விடிவதற்கு முன் எச்பி5 கருப்பு வெள்ளை பிலிம் போட்டு எடுத்த ரோல்தான் எனக்கு இந்த லென்ஸ் மேல் நம்பிக்கை வரவைத்தது: கூடை தூக்குபவர்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள், மேலே ஒரே ஒரு பல்பு, 1/60, எஃப் 2, நெகட்டிவில் நிழல் பக்கமும் விவரம் இருந்தது. கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசனில் லாரியில் பெங்களூரா குவிந்து கிடக்கும்போது கலர் பிலிமில் அந்தப் பச்சை தரும் நிறம் எனக்கு டிஜிட்டலில் இதுவரை வந்ததில்லை. அது பிலிமின் குணமா லென்ஸின் குணமா என்று பிரித்துச் சொல்ல வராது, இரண்டும் சேர்ந்து பிடித்திருக்கிறது.

எதிர் வெயிலில் பலவீனம் உண்டு. 1971-க்குப் பிறகு வந்த சூப்பர் மல்டி கோட்டட் டகுமாரில் கோட்டிங் அடுக்குகள் அதிகம், அது பரவாயில்லை. பழைய சூப்பர் டகுமாருக்கு 49 எம்எம் ஹூட் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) கட்டாயம். ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறும்போது இந்தக் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். தண்ணீர்த் தடுப்பு என்று எதுவும் இதில் கிடையாது, அருவிச் சாரல் உள்ளே போனால் காற்று வறண்டிருந்து என்ன பயன், பூஞ்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். லென்ஸ் திருகு மவுண்ட், 42 எம்எம் (எம்42), அவசரத்துக்கு மாற்ற முடியாது. ஃப்ளாஷ் மாட்ட மேலே இடமும் கிடையாது, கல்யாண வீட்டுக்குச் சரிவராது.

இதே பணத்துக்கு பென்டாக்ஸின் கே1000 கேமரா வாங்கலாமே என்று கேட்பவர்கள் நிறைய. 1976-ல் வந்து 1997 வரை ஓடிய நல்ல கேமரா, அதில் குறை சொல்ல மாட்டேன். பெயர் பரவியதால் அதன் விலைதான் ஏறிப்போயிருக்கிறது. அதில் மீட்டருக்கு அணைக்கும் பொத்தானும் இல்லை, லென்ஸ் மூடி போடாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பாட்மேட்டிக்கைக் கையில் எடுத்து ஒரு முறை பிலிம் நகர்த்தும் லீவரை இழுத்துப் பாருங்கள், அந்த மென்மை கே1000-ல் இல்லை.

வாங்கும்போது பின் கதவைத் திறந்து ஷட்டர் வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள், பாதியில் நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. 1/1000-ல் வைத்து வெளிச்சத்தைப் பார்த்து அழுத்தும்போது ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை, சர்வீஸ் செலவு உண்டு. திரை துணியால் ஆனது, சுருக்கமோ ஊசி ஓட்டையோ இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கேமராவுக்குள் இருக்கும் மிரர் மேலே மோதும் இடத்தில் உள்ள ஸ்பாஞ்ச் கரைந்து பிசுபிசுப்பாகியிருக்கும், அது எல்லாவற்றிலும் அப்படித்தான், மாற்றிக்கொள்ளலாம். லென்ஸின் அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் வேறு லென்ஸ் பாருங்கள். ஜப்பானிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால் சுங்க வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பார்சலுக்குள் சிலிக்கா ஜெல் போடச் சொல்லுங்கள்.

கலர் ரோலை நான் பெங்களூருக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். எச்பி5-க்கு டி-76 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிஷம். நம் மேல்தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதிப்பதால் ஐஸ் போட்டு இறக்கியே ஆக வேண்டும். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புக் கறை நெகட்டிவில் வெள்ளைத் திட்டாகக் காய்ந்து நிற்கும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் பல ரோலுக்கு வரும்.

பிலிமே வேண்டாம், லென்ஸ் மட்டும் போதும் என்பவர்கள் எம்42 அடாப்டர் ஒன்று வாங்கி டிஜிட்டல் மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக்கொள்ளலாம், ஒயிட் பேலன்ஸ் மஞ்சளைச் சமாளித்துவிடும். 50 எஃப் 1.4-க்குப் பணம் பற்றாதவர்களுக்கு 55 எம்எம் எஃப் 1.8 சூப்பர் டகுமார் இருக்கிறது. விலை நன்றாகவே குறைவு, பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்களில் இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் எனக்கு எது எது என்று தெரிவதில்லை. மண்டி, திருவிழா, வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் என்று எடுப்பவர்கள் 1.4-க்கே போங்கள்.