டிடி-830 வகை மீட்டரும் ரிமோட் செல் மீட்டரும்: நெடுநாள் பயன்பாட்டில் பேட்டரி எங்கே போகிறது?

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் மேசைகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கைமீட்டர்களை (மல்டிமீட்டர்) பார்க்கலாம். ஒன்று 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற டிடி-830 வகை. மற்றொன்று இரண்டு ரிமோட் செல்லில் (AAA) ஓடும், ரேஞ்சைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் மீட்டர். இரண்டுமே வருடக்கணக்கில் உழைக்கும். ப்ரோப் வயர் அறுந்தால் மாற்றலாம், ஃப்யூஸ் போனால் போடலாம். ஆளை அலைக்கழிப்பது பேட்டரிதான். புதுசு போட்டுச் சில வாரத்திலேயே திரை மங்கினால் எல்லோரும் கம்பெனி மாற்றி வேறு பேட்டரி வாங்குகிறார்கள். அது வீண்செலவு. மீட்டர் இழுக்கும் கரன்ட்டை அளந்தால் காரணம் தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு. டிடி-830 வகையின் உள்ளே இருப்பது அளவை எண்ணாக மாற்றித் திரையில் காட்டும் ஐசிஎல் 7106 என்ற சிப் அல்லது அதே வடிவமைப்பைக் கறுப்புப் பிசின் பொட்டுக்குள் அடக்கிய சிப். ஆனில் இருக்கும்போது அது சுமார் 1 மில்லி ஆம்பியர் இழுக்கும். சாதாரண ஜிங்க் கார்பன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு தோராயமாக 400 மில்லி ஆம்பியர் மணி. அப்படியானால் தொடர்ந்து 400 மணி நேரம், அதாவது பதினாறு நாள். இந்த வகையின் அடிப்படை மாடல்களில் தானாக அணையும் வசதி கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் நாப்பை ஆஃபுக்குத் திருப்ப மறந்தால் திங்கள் காலைக்குள் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். இந்த மீட்டரில் வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆட்டோ ரேஞ்ச் மீட்டரின் கதை வேறு. ஆல்கலைன் ரிமோட் செல் ஒன்று ஏறத்தாழ 1000 மில்லி ஆம்பியர் மணி தரும். இரண்டைத் தொடராகப் போட்டாலும் அதே 1000தான். வோல்டேஜ் மட்டுமே இரட்டிப்பாகும். இதில் 15 அல்லது 30 நிமிடத்தில் திரை அணைந்துவிடுவதால் மீட்டரே அணைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தூங்குகிறது, அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் விழிக்க வேண்டும் என்பதற்காகச் சிப் விழிப்போடுதான் இருக்கும். தூக்கத்தில் 100 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் செல் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். ஆனால் மலிவான சில மாடல்கள் தூக்கத்திலும் 1 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது நாற்பத்தோரு நாளில் செல் காலி. ஆகவே ஆட்டோ ஆஃப் இருக்கிறது என்று நம்பி விடாமல், வேலை முடிந்ததும் நாப்பை ஆஃபுக்குத் திருப்புவதுதான் சரி.

இனி அளக்கும் முறை. சோதிக்கப்படும் மீட்டரின் ப்ரோப்களைக் கழற்றிய பிறகே பின்மூடியைத் திறக்க வேண்டும். அளக்க இன்னொரு மீட்டர் வேண்டும். அதில் 20 மில்லி ஆம்பியர், 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்ச்கள் இருப்பது நல்லது. 9 வோல்ட் பேட்டரியில் ஒரு முனையை மட்டும் கிளிப்பில் மாட்டி, பேட்டரியைப் பக்கவாட்டில் திருப்பி, விடுபட்ட முனைக்கும் கிளிப்பின் மறுமுனைக்கும் இடையே முதலைக் கிளிப்பால் அளக்கும் மீட்டரை இணைத்தால் போதும். ரிமோட் செல் என்றால் ஒரு கெட்டி அட்டைத் துண்டின் இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டி, ஓரத்தில் ஒன்றோடொன்று தொடாதபடி வெட்டி, செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே செருகுங்கள். ஒவ்வொரு பக்கத் தாளிலிருந்தும் ஒரு வயரை அளக்கும் மீட்டருக்குக் கொடுங்கள்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் அளக்கும் மீட்டருக்குள் பொதுவாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். சோதிக்கப்படும் மீட்டர் ஆன் ஆகும்போது சில மில்லி ஆம்பியர் கேட்கும்; அந்த ரெசிஸ்டரிலேயே வோல்டேஜ் முழுவதும் விழுந்துவிடுவதால் அது ஆன் ஆகாமல் திணறும். ஆகவே முதலில் 20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் ஆன் கரன்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அளக்கும் மீட்டரின் இரு முனைகளையும் ஒரு வயரால் ஷார்ட் செய்து, ரேஞ்சை மைக்ரோவுக்கு மாற்றி, சோதிக்கப்படும் மீட்டர் தூங்கும் வரை காத்திருந்து, அதன் பின் ஷார்ட் வயரை எடுங்கள். ஷார்ட் செய்யாமல் ரேஞ்சைத் திருப்பினால் இணைப்பு ஒரு கணம் அறுந்து மீட்டர் மறுபடி விழித்துக்கொள்ளும். கடைசியாகச் சோதிக்கப்படும் மீட்டரின் நாப்பை ஆஃபுக்குத் திருப்பி அளவிடுங்கள்.

சுழலும் நாப் உள்ள மீட்டரில் ஆஃப் கரன்ட் பூஜ்யமாக இருக்க வேண்டும். பட்டனை அழுத்தி ஆன் செய்யும் மாடல்களில் சில மைக்ரோ ஆம்பியர் இயல்பு. 1 மைக்ரோ ஆம்பியர் வருடத்துக்குச் சுமார் 8.8 மில்லி ஆம்பியர் மணி தின்னும். 5 என்றால் 44. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். 50க்கு மேல் காட்டினால் உள்ளே கசிவு இருக்கிறது.

கசிவுக்கு முதல் சந்தேகம் போர்டின் அழுக்கு. நாப்பின் கீழே போர்டில் வட்டமாக இருக்கும் பட்டைகள்தான் சுவிட்ச். அவற்றின் நடுவே தேய்ந்த உலோகத் தூள், பழைய சால்டரிங் ஃப்ளக்ஸ், செல்லிலிருந்து ஒழுகிய ரசாயனம் ஆகியவை படிந்தால் ஆஃபிலும் கரன்ட் பாயும். ஆல்கலைன் செல் ஒழுகினால் வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மழைக்காலத்தில் கசிவு இன்னும் கூடும். காரம் என்பதால் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் பட்ஸை நனைத்துத் துடைத்து, பிறகு தண்ணீர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஜிங்க் கார்பன் ஒழுகல் அமிலத்தன்மை உடையது. அதற்கு எலுமிச்சை போடக் கூடாது, சமையல் சோடா கரைத்த நீர் போதும். நாப்பைக் கழற்றும்போது சின்ன ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் தெறித்து ஓடும். ஒரு தட்டின் மேல் வைத்துக் கழற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பின் மறுபடி அளந்தும் கரன்ட் குறையவில்லை என்றால், சுவிட்சுக்கு முன்பாகவே பேட்டரியின் குறுக்கே கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கசிவது அதுவா என்று அறிய அதன் ஒரு காலைப் போர்டிலிருந்து தூக்கிவிட்டு அளவிடுங்கள்.

ஆஃபில் பூஜ்யம், ஆனில் மட்டும் அதிகம் என்றால் பேக்லைட்டைக் கவனியுங்கள். அது ஒன்றே 10 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். குறைந்த, கூடிய அளவுகளைக் குறித்துவைக்கும் மின்-மேக்ஸ் (Min-Max) பதிவில் விட்டாலோ, ஒரு பட்டனை அழுத்தியபடி ஆன் செய்திருந்தாலோ பல மாடல்களில் ஆட்டோ ஆஃப் வேலை செய்யாது. டிடி-830 வகையில் எந்த ரேஞ்சிலும் 4, 5 மில்லி ஆம்பியர் நிலையாக இழுத்தால், ஓம் ரேஞ்சில் வைத்து மெயின் கரன்ட்டைத் தொட்டதில் சிப் அடிபட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யச் செலவழிப்பதில் பயனில்லை.

மீட்டர் சரியாக இருந்து பேட்டரியே சொத்தையாகவும் இருக்கலாம். லோடு இல்லாமல் அளந்தால் பழைய பேட்டரியும் 9 வோல்ட் காட்டும். 470 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே பத்து விநாடி வைத்து அளந்து, 7.5க்குக் கீழே விழுந்தால் மாற்றிவிடுங்கள். ஹெவி டியூட்டி என்று எழுதியிருப்பவை ஜிங்க் கார்பன்தான். ஆல்கலைனைவிடக் கொள்ளளவு குறைவு. 9 வோல்ட் ரீசார்ஜபிள் வாங்கும்போதும் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்றால் பெரும்பாலும் 200 மில்லி ஆம்பியர் மணி அளவுதான், பெயரளவு வோல்டேஜே 8.4 என்பதால் மீட்டரின் குறைந்தபட்சத் தேவையைச் சீக்கிரம் தொட்டுவிடும்.

அந்தக் குறைந்தபட்சம்தான் மிக முக்கியம். ஐசிஎல் 7106 எந்த அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனக்குள் உருவாக்கும் சுமார் 2.8 வோல்ட் ஒப்பீட்டு வோல்டேஜ் நிலையாக இருக்க, பேட்டரி ஏறத்தாழ 7 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒப்பீட்டு வோல்டேஜ் சரியும். ரீடிங் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 1.6 வோல்ட் உள்ள புது பென்சில் செல்லை 1.9 என்று காட்டினால் மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். மெயின் லைனில் கை வைக்கும் வேலை என்றால் பேட்டரிக் குறியீடு தெரிந்த உடனே மாற்றுங்கள். லைனில் கரன்ட் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன்பும் பின்பும், கரன்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பாயின்ட்டில் மீட்டரை வைத்துச் சரிபாருங்கள்.