மூளைச்சாவை வீட்டாருக்கு விளக்கும் விதம்: ஒரு அரசு மருத்துவமனையின் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவு

தென்மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் அத்தான் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அங்கே சேர்க்கப்பட்டார். மூளைத்தண்டு மரணம், அதாவது மூளைச்சாவு, அடைந்துவிட்டதாக அங்கேயே அறிவிக்கப்பட்டார். நோயாளி பிழைக்காத இடத்தை எதை வைத்து மதிப்பிடுவது என்று சிலருக்குத் தோன்றலாம். என்ன நடந்தது என்பதை வீட்டாருக்குப் புரியும்படி சொன்னார்களா, மரணத்தை அவசரமின்றி முறைப்படி உறுதி செய்தார்களா என்ற இரண்டையும் வைத்தே நான் மதிப்பிடுகிறேன்.

முதலில் அவரைக் கொண்டுபோனது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. அங்கே எங்களுக்குக் கிடைத்த விளக்கமெல்லாம் 'மூளையில் வீக்கம், 72 மணி நேரம் போகட்டும்' என்ற ஒற்றை வரிதான். இரத்த அழுத்தம் ஏறுவதையும் நாடித்துடிப்பு இறங்குவதையும் திரையில் பார்த்த அக்கா, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார். மூளைக்குள் அழுத்தம் கட்டுமீறிப் போவதற்கான அடையாளம் அது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அரசு மருத்துவமனையில் முதுநிலை மருத்துவர் ஒருவர் எங்களை உள்ளே அழைத்து, சி.டி. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். மண்டையோட்டுக்குள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும்தான் இருக்கின்றன என்றும், வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால் புதிதாக இரத்தம் தேங்கும்போது நீரும் சிரை இரத்தமும் வெளியேறிக் கொஞ்ச நேரம் இடம் விடும் என்றும், அதற்குமேல் வழியில்லாதபோது அழுத்தம் மிக வேகமாக ஏறும் என்றும் விளக்கினார். வழக்கமாக 15 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும் இந்த அழுத்தம் 20-ஐத் தாண்டி நீடித்தாலே சிகிச்சை தேவைப்படும். படத்தில் வலப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்த இரத்தக்கட்டையும், மூளையின் நடுக்கோடு இடப்பக்கம் 14 மி.மீ. தள்ளப்பட்டிருந்ததையும், படத்தின் ஓரத்திலிருந்த அளவுகோலில் விரலை வைத்துக் காட்டினார்.

மூளைப் பிதுக்கம் என்று அவர் சொன்னது இந்தத் தள்ளலின் அடுத்த கட்டத்தை. பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையே கெட்டியான சவ்வு ஒன்று தடுப்பாக இருக்கிறது. அதன் நடுவிலுள்ள திறப்பின் வழியாகத்தான் மூளைத்தண்டு மேலேறிச் செல்கிறது. அழுத்தம் தாங்காமல் பொட்டு மடலின் உள்நுனி அந்தத் திறப்புக்குள் பிதுங்கி இறங்கியபோது, கண்மணியைச் சுருக்கும் மூன்றாவது மூளை நரம்பு நசுங்கியதால், அத்தானுக்கு முதலில் வலக் கண்மணி விரிந்தது. வந்து சேரும்போது இரண்டுமே விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தன. இன்னும் கீழே, சிறுமூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் பெருந்துளைக்குள் இறங்கி, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தை அழுத்தும்போது சுயமாக மூச்சுவிடும் ஆற்றல் போய்விடுகிறது. தலைமாட்டை 30 பாகை உயர்த்துவது, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மன்னிடால் மருந்தை ஏற்றுவது, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் தருவது ஆகிய வழிகள் இருந்தாலும், இந்த நிலைக்கு வந்த பின்பு அறுவை சிகிச்சையால் அத்தான் திரும்பமாட்டார் என்பதை மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பெரிய கேள்வியாக நின்றது இதயம். மார்பு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, திரையில் துடிப்பு ஓடுகிறது. பிறகு எப்படி இறந்தவர் என்பது? இதயத்துக்குத் துடிப்பைத் தூண்டும் கணு இதயத்திலேயே இருப்பதால், வென்டிலேட்டர் பிராணவாயுவைக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை அது மூளையின் கட்டளையின்றியே சிறிது காலம் துடிக்கும் என்று சொன்னார்கள். கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்துகொண்டிருக்கும், ஆகவே திரும்பும் வாய்ப்பும் இருக்கலாம். மூளைத்தண்டு மரணத்திலிருந்து எவரும் திரும்புவதில்லை. ஒருமுறை கால்விரல்கள் அசைந்ததைப் பார்த்து மருமகன் கூச்சலிட்டபோது, செவிலியர் அவனை உட்காரவைத்து, அது தண்டுவடத்திலிருந்து மட்டும் எழும் அனிச்சை அசைவு என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

பரிசோதனைகள் நடந்த விதம்தான் இந்தப் பிரிவின் மீது எனக்கு முழு நம்பிக்கையைத் தந்தது. முந்தைய இடத்தில் மயக்க மருந்து கொடுத்திருந்ததால், அது உடலைவிட்டு நீங்கும்வரை பரிசோதனையைத் தொடங்கவே மறுத்துவிட்டார்கள். உடல் வெப்பத்தையும் இரத்தத்தின் உப்பு அளவையும் முதலில் சரிசெய்தார்கள். 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதிக்க வேண்டும்; உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்பவர் எவரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. இரண்டாம் முறை பரிசோதித்தபோது விருப்பமிருந்தால் ஒருவர் உடனிருக்கலாம் என்றார்கள். நான் நின்றேன். கண்ணில் டார்ச் அடித்தார்கள், கருவிழியைப் பஞ்சால் தொட்டார்கள், காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்தினார்கள், தொண்டைக்குள் குழாயை அசைத்தார்கள். கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, மூச்சுக்குழலுக்குள் மெல்லிய குழாய் வழியே பிராணவாயுவை மட்டும் விட்டு, சட்டையில்லாத மார்பையும் வயிற்றையும் அனைவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால், உயிருள்ள முகுளம் மூச்சை இழுத்தே தீரும். அளவு 78 வந்தது. மார்பு அசையவில்லை. எத்தனை விளக்கம் கேட்டும் தெளியாத எனக்கு அந்த ஒரு காட்சியில் தெளிந்தது; வாய்ப்புக் கிடைக்கும் குடும்பத்தினர் மனத்திடமுள்ள ஒருவரை உள்ளே அனுப்புவது நல்லது என்பேன்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மரணம் உறுதியாகும்வரை உறுப்பு தானம் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அக்கா அழுது ஓய்ந்த பிறகுதான் ஒருங்கிணைப்பாளர் வந்து, "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, வேண்டாம்னாலும் நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்றார். மரணத்தைச் சொல்வதும் தானம் கேட்பதும் ஒரே மூச்சில் நடந்தால் முதலாவதன் மீதே சந்தேகம் வந்துவிடும். அக்கா சம்மதித்தார். உறுப்புகளை ஒதுக்குவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பொறுப்பு. எங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கப்படவில்லை. உறுப்பு தானம் செய்தவர்களுக்கென்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த அரசு மரியாதையும் அடக்கத்தின்போது செய்யப்பட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. இவ்வளவு கனமான பேச்சுகளில் பாதி, ஸ்ட்ரெச்சர்கள் போய்வரும் நடைவழியில்தான் நடந்தன. கதவை மூடிக்கொண்டு நான்கு பேர் உட்கார ஓர் அறை இல்லை. இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர், முதல் பரிசோதனை முடிந்திருந்த நிலையில், "ஹார்ட் நல்லாத்தான் இருக்கு" என்று போகிற போக்கில் சொன்னதால் அக்கா விடியும்வரை நேர்த்திக்கடன் பேசிக்கொண்டிருந்தார். உறவினரிடம் யார், எதைச் சொல்வது என்பதில் அங்கே ஓர் ஒழுங்கு வேண்டும். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட்ட படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. எந்தப் பரிசோதனை எந்த மணிக்கு நடந்தது, முடிவு என்ன என்பதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி மருத்துவமனை முத்திரையோடு கொடுத்தால், உயிர் இருக்கும்போதே உறுப்பை எடுத்துவிட்டார்கள் என்று ஊரில் பேசுகிறவர்களிடம் அக்கா நீட்டுவதற்கு ஒரு தாளாவது இருக்கும்.