தோட்டத்துத் திடல்ல ஏரோபேட்டிக்ஸ் பழக 55 இன்ஜின் போட்ட எக்ஸ்ட்ரா மாடல் பிளேன்: வாங்கலாமா?

முடிவ முதல்லயே சொல்லிடறேன். மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி ஊர்ல, மூணு பக்கம் செம்பனையும் ஒரு பக்கம் வீடுங்களுமா இருக்கற தோட்டத்துத் திடல்ல, ரிமோட்ல ஓட்டற மாடல் பிளேன வச்சு லூப், ரோல், தலைகீழா பறக்கறது எல்லாம் சுத்தமா பழகணும்னா, 46 சைஸ் (0.46 கன இன்ச் இன்ஜினுக்கு ஏத்த அளவு) எக்ஸ்ட்ரா 300 ஏஆர்எஃப் (முக்கால்வாசி கட்டி முடிச்சு பெட்டியில வர்ற பிளேன்) ஒண்ணு வாங்கி அதுல ஓஎஸ் கம்பெனியோட 55ஏஎக்ஸ் இன்ஜின போடுங்க. பெரிய பெட்ரோல் பிளேன் பக்கம் இப்ப போக வேணாம். நான் இந்த ஜோடியத்தான் ஓட்டிட்டு இருக்கேன், கேக்கற எல்லாருக்கும் இதையேதான் சொல்றேன், ஏன்னு கொஞ்சம் விவரமா எழுதறேன்.

நம்ம பசங்க நிறைய பேருக்கு எட்ஜ் 540ங்கற ரேஸ் பிளேன் மேலதான் கண்ணு. 2014ல புத்ராஜெயாவுல ரெட் புல் ஏர் ரேஸ் நடந்தப்ப நேர்லயும் டிவியிலயும் பாத்த ஆசை அது, தப்பே இல்ல. ஆனா மாடல்னு வரும்போது எட்ஜா எக்ஸ்ட்ராவா யாக் 54ஆன்னு பேரப் பாத்து முடிவு பண்ணாதீங்க. இறக்கை மேலயும் கீழயும் ஒரே வளைவா இருக்கா, உடம்போட நடுவுல உக்காந்திருக்கா, நுனி மேல தூக்காம நேரா போகுதா, இந்த மூணும் இருந்தா தலைகீழா திருப்புனாலும் நேரா இருக்கும்போது பறக்கற மாதிரியே பறக்கும். ட்ரெய்னர் (புதுசா பழகறவங்களுக்கான பிளேன்) அப்படி இல்ல, அது தானா நிமிரத்தான் பாக்கும், நிமிர்றதுக்குத்தான் அத அப்படி செஞ்சிருக்காங்க. எக்ஸ்ட்ராவ வரைஞ்ச ஜெர்மன்காரரு வால்டர் எக்ஸ்ட்ரா, அவரே ஏரோபேட்டிக்ஸ் பறந்த ஆளு, 300 மொதமொதலா பறந்தது 1988ல. அந்த வடிவத்த இத்தன கம்பெனிக்காரங்க இத்தன வருஷமா மாடலா போட்டுட்டே இருக்காங்கன்னா சும்மா இல்ல.

என்னோடது 57 இன்ச் இறக்கை, வியட்நாம்ல செஞ்சு வந்த பால்சா ஏஆர்எஃப். கம்பெனி பேரு போடல. பெட்டி மேல 2.6 கிலோன்னு போட்டிருந்தான், எல்லாத்தையும் மாட்டி எரிபொருள் எண்ணெய் ஊத்தாம தராசுல வச்சா 2.75 காட்டுச்சு. இந்த எடைதான் நான் முக்கியமா பேச வந்த விஷயமே. இறக்கைப் பரப்பு 37 சதுர டெசிமீட்டர், 2750 கிராம 37ஆல வகுத்தா 74 வருது, அதாவது ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை 74 கிராம் சுமக்குது. இந்த சைஸுக்கு 74ன்னா லூப், ரோல், ஸ்டால் டர்ன் (நேரா மேல ஏறி நின்னு திரும்பி எறங்கறது) எல்லாத்துக்கும் தாராளம், ஆனா மூக்க மேல தூக்கி ஒரே எடத்துல தொங்கறது, மெதுவா ஆடி ஆடி நகர்றது, அந்த 3டி வேலைக்கு இது பத்தாது, அதுக்கு 60க்கும் கீழ வரணும். கடையில யாராவது இதே எடையில "3டியும் பண்ணும் பாஸ்"னு சொன்னா பேசாம கால்குலேட்டர எடுத்து வகுத்துக் காட்டுங்க.

இப்ப இன்ஜின். பெட்டியில 46ல இருந்து 55 வரைக்கும்னு போட்டிருக்கும், நிறைய பேரு காசு மிச்சம்னு 46ஓட நின்னுடறாங்க. ஓஎஸ் 46ஏஎக்ஸ் 7.45 சிசி, 55ஏஎக்ஸ் 8.93 சிசி. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும், மவுண்ட் ஓட்டையும் ஒரே அளவு, எடை ஒரு முப்பது கிராம் போலத்தான் கூட. அந்த முப்பது கிராமுக்கு கெடைக்கற இழுவ வேற எதுலயும் கெடைக்காது. 46ல 11 இன்ச் நீளம் 6 பிட்ச் புரொப்பெல்லர் போட்டு ஓட்டுவோம், 55ல 12க்கு 6 போடலாம், அந்த ஒரு இன்ச்சுலதான் லூப் உச்சியில மூச்சு வாங்காம போகுது. நம்ம திடல் சின்னது, தூரமா ஓடி வேகம் புடிச்சு வந்து லூப் போட எடம் கெடையாது, அதனால வேகத்த விட இழுவதான் வேணும். இத கடையில யாரும் சொல்றதில்ல, அவங்க பாக்கறது பெரிய கிளப் ரன்வேய, நாம பறக்கறது பந்து வெளையாடற திடல்ல.

பெட்ரோல் இன்ஜின் ஆசை எனக்கும் புரியுது. டிஎல்இ 20 மாதிரி ஒண்ணு வாங்கிட்டா ஊர்ல இருக்கற எந்த ஸ்டேஷன்லயும் பெட்ரோல் புடிச்சு 30க்கு 1 டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து ஓட்டலாம், 55ஏஎக்ஸ் கேக்கற நைட்ரோ எண்ணெய்க்கு (மெத்தனால் கலந்த எரிபொருள்) ஈப்போ வரைக்கும் அலைய வேணாம். உண்மதான். ஆனா இன்ஜின், இக்னிஷன், அதுக்குத் தனி பேட்டரின்னு சேத்துட்டே போனா பிளேன் நாலரை அஞ்சு கிலோவுல போய் நிக்கும், இறங்கறதுக்கு நீளமான எடம் கேக்கும், செம்பனை மட்டைக்குள்ள போய் மாட்டுனா உடையறதும் அந்த அளவுக்குப் பெருசா உடையும். பக்கத்துல பழம் வெட்டறவங்க வேல செய்யற எடம் அது. அஞ்சு கிலோ சாமான் ஒண்ணு கட்டுப்பாடு இல்லாம அவங்க தலைக்கு மேல போறத நெனச்சுப் பாருங்க. அதனாலதான் ஞாயித்துக்கிழம காலையில, யாரும் வேலயில இல்லாதப்ப, தோட்டத்து மேனேஜர்கிட்ட சொல்லிட்டு பறக்கறோம்.

கரண்டு மோட்டார் நல்லதுதான், சத்தம் இல்ல, எண்ணெய் வழியாது. ஒரு கிலோவுக்கு 330 வாட் கெடைச்சா ஏரோபேட்டிக்ஸ்க்குப் போதும்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு, அதப் பாத்தா இந்த பிளேனுக்கு 900 வாட்டாவது வேணும், நாலு செல் லிப்போ பேட்டரி (4எஸ்) போட்டா 14.8 வோல்ட்டுல 60 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனால ஆறு செல் (6எஸ்) போடறதுதான் புத்தி. ஒரு பேக் போதாது, மூணு நாலு வாங்கணும், அந்த வெலைக்கு இன்னொரு இன்ஜினே வாங்கிடலாம். நம்ம வெயில்ல காடிக்குள்ள லிப்போவ வச்சிட்டுப் பசியாறப் போற பழக்கம் இருந்தா வேண்டவே வேண்டாம்.

55ஏஎக்ஸ புதுசா ஸ்டார்ட் பண்றப்ப கை இறுக்கமா இருக்கும், பிஸ்டன் மேல வரும்போது புடிச்சிக்கும், பயப்படாதீங்க. பிஸ்டன் ஓடற குழாய், அந்த லைனர், மேல் பக்கம் கொஞ்சம் குறுகலா வச்சுத்தான் செஞ்சிருக்காங்க, சூடானா சரியாயிடும். எண்ணெய அளவுக்கு மீறி விட்டு ஜில்லுனே ஓட்டிட்டு இருந்தா உள்ள தேயும். கொஞ்சம் ரிச்சா (எண்ணெய் கூட) விட்டு, அப்பப்ப நீடில (எண்ணெய் அளவு திருகு) மூடி சூடேத்தி, திரும்பத் திறந்து, மாத்தி மாத்தி ஒண்ணு ரெண்டு டேங்க் ஓட்டிட்டு அப்புறம் பறக்க விடுங்க.

ட்யூனிங்குக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, இத ஒவ்வொரு தடவ பறக்க விடறதுக்கு முன்னாலயும் செய்யணும். ஃபுல் த்ராட்டில்ல வச்சு, இன்னொருத்தரு பிளேன கெட்டியா புடிச்சு மூக்க நேரா வானத்துக்குத் தூக்கணும். சத்தம் லேசா ஏறுச்சுன்னா சரி. அப்படியே இருந்தாலும் பரவால்ல. தொண்ட அடைக்கற மாதிரி எறங்குச்சுன்னா லீன் (எண்ணெய் பத்தல), அத அப்படியே மேல விட்டா செங்குத்தா ஏறும்போது மரத்துக்கு மேல இன்ஜின் நின்னுடும். உடனே எறக்கி நீடில ரெண்டு கிளிக் திறங்க. புடிக்கறவரு புரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டுல நிக்கவே கூடாது, பின்னாலதான் நிக்கணும்.

பிளேன்ல எனக்குப் புடிக்காதது ரெண்டு. ஒண்ணு, ஃபயர்வால் (இன்ஜின் மாட்டற பலகை) ஒட்டு. பெட்டியத் தொறந்ததும் கைபோன் லைட்ட உள்ள அடிச்சுப் பாத்தா ஒரு மூலையில பசையே இல்ல, பலகைக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவுல மெல்லிசா வெளிச்சம் தெரிஞ்சது. 55 மாதிரி இன்ஜின் குலுக்கற குலுக்கல்ல அது நாலு ஞாயிறு தாங்காது. அர மணி நேரம் காயற எபாக்ஸிய உள்பக்கம் மூலை மூலையா தடவி, காஞ்சப்புறம்தான் இன்ஜின மாட்டுனேன். எந்த ஏஆர்எஃப் வாங்குனாலும் இத செஞ்சிடுங்க, வெல கூடுனதா இருந்தாலும் சரி. ரெண்டாவது, மேல ஒட்டியிருக்கற ஷீட். நம்ம ஊரு வெயிலுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரமே சுருக்கம் விழுது, சின்ன அயர்ன் பாக்ஸ வச்சு இழுத்து விட்டுட்டே இருக்கணும். இது சின்ன வேலதான், ஆனா ஏலரான் (இறக்கை பின்னால ஆடற பலகை) மடிப்புக்கிட்ட தூக்கிட்டா உடனே பாக்கணும்.

டேங்க் விஷயத்துல மட்டும் சோம்பல் படாதீங்க. டேங்கோட நடு மட்டமும் கார்ப்ரேட்டர் நீடில் மட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். டேங்க் ரொம்ப மேல இருந்தா நேரா பறக்கும்போது ரிச், தலைகீழா திருப்புனா லீன். "என் இன்ஜின் இன்வர்ட்டட்ல நின்னுடுது"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு கோளாறு இன்ஜின்ல இல்ல, இங்கதான். டேங்க மாட்டறதுக்கு முன்னால காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள ட்யூப் நுனியில இருக்கற எடைக்கட்டி நாலு பக்கமும் கட கடன்னு தாராளமா விழணும், பின் சுவர்ல உரசக்கூடாது. சுத்தி ஸ்பாஞ்ச் வைங்க, இல்லன்னா குலுக்கல்ல நுரை வந்து இன்ஜின் இருமும்.

பறக்கறது எப்படின்னு கேட்டா, அருமை. ரோல் போட்டா ஆணி அடிச்ச மாதிரி ஒரே கோட்டுல சுத்துது. தலைகீழா வச்சா எலிவேட்டர (மூக்க மேல கீழ ஆட்டற வால் பலகை) ஒரு துளி தள்ளுனா போதும், பேலன்ஸ் எடம் சரியா வந்திருக்குன்னு அதுலயே தெரியும். ரொம்பத் தள்ள வேண்டியிருந்தா மூக்கு கனம், பேட்டரிய பின்னால நகத்துங்க. நைஃப் எட்ஜ்ல (இறக்கைய செங்குத்தா சாச்சுப் பறக்கறது) ரடர் (வால் சுக்கான்) புடிச்சா என்னோடது லேசா வண்டிச் சக்கரம் பக்கம் இழுக்குது, ரேடியோவுல ரடர் எலிவேட்டர் மிக்ஸ் கொஞ்சம் குடுத்து சரி பண்ணிட்டேன். எறக்கறப்ப மட்டும் த்ராட்டில முழுசா மூடாதீங்க, இறக்கை நுனி குறுகலா இருக்கறதால மெதுவானா ஒரு பக்கம் திடீர்னு விழும், கொஞ்சம் பவர் வச்சே கொண்டு வாங்க.

வாங்குனது ஈப்போவுல ஒரு சின்ன ஹாபி கடையில. தௌக்கே (கடை முதலாளி) தெரிஞ்ச ஆளு, பெட்டியத் தொறந்து தராசுல வச்சுப் பாக்க விட்டாரு, இன்ஜினுக்கு ஏத்த பிளக்க அவரே எடுத்துக் குடுத்தாரு. ஆன்லைன்ல இத விட கொறைவா கெடைக்கும், ஆனா உடைஞ்ச கௌலிங்குக்கும் (இன்ஜின் மூடி) சக்கரக் கம்பிக்கும் யார்கிட்ட போவீங்க? எண்ணெய் மட்டும் ரெண்டு கேலன் சேத்து வாங்கி வைங்க, மூடிய உடனே இறுக்கி மூடுங்க, மெத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், நம்ம ஊர்ல கேக்கவே வேணாம். அன்னைக்கு ஓட்டி முடிச்சதும் டேங்க் காலியாகற வரைக்கும் இன்ஜின ஓட விட்டு, கார்ப்ரேட்டர்ல ரெண்டு மூணு சொட்டு ஆஃப்டர் ரன் எண்ணெய் விட்டு கையால சுத்தி வைங்க, பேரிங் துரு புடிக்காது.

ட்ரெய்னர தனியா எறக்க இன்னும் வராதவங்க எக்ஸ்ட்ராவ இப்ப வாங்க வேணாம். 55ஐயும் இப்ப வாங்க வேணாம், 46ஏஎக்ஸ வாங்கி ட்ரெய்னர்ல போட்டு ஓட்டுங்க. கை பழகுனதும் எக்ஸ்ட்ராவ வாங்கி அதே 46ஐ அதுல மாட்டிப் பறங்க, இழுவ பத்தலன்னு தோணுற அன்னைக்கு 55ஐ வாங்குனா ஒரு புது ஓட்டை கூட போடாம அதே நாலு போல்ட்டுல உக்காந்துடும்.