மூன்று மணி வெயிலில் சைக்கிள்: குன்றத்தூரா, மாடம்பாக்கமா?

சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டையிலிருந்து ஞாயிறு மதியம் சைக்கிளில் கிளம்பினால் மேற்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி. மேற்கே பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் தாண்டிக் குன்றத்தூர். கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி மாடம்பாக்கம். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி வந்தபோது குன்றத்தூர் தவிர எல்லாம் ஒரே ஊராகிவிட்டது. சைக்கிள் மிதிக்கிறவருக்கு இன்றும் அவை தனித்தனி ஊர்கள்தான்.

பார்ப்பதற்கு நிறைய இருப்பது மேற்கில். அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். வாழைநாரில் சேலை நெய்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். முருகன் கோயில் மலையில் ஏறி நின்றால் உடம்பு வேர்வையெல்லாம் ஆறிவிடும்.

ஆனால் போகிற பாடு? முதலில் தெற்கே போகும் பெரிய நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலை. பல்லாவரம் வரை பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும். அப்புறம் மூன்று மணிச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். திரும்பும்போதாவது சுகமா என்றால் அதுவும் இல்லை. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். களைத்த காலோடு 12 கிலோமீட்டர் அதை எதிர்த்து மிதிக்க வேண்டும்.

கிழக்கு வழியில் எல்லாம் தலைகீழ். வெயில் முதுகில். காற்று எதிரே வந்தாலும் அது குளிர்ந்த காற்று, கால்களும் அப்போது புதிது. வீடு திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். தூரமும் ஏறக்குறையப் பாதிதான். கியர் இல்லாத என் பழைய ஹெர்குலிஸுக்கு இது போதும்.

நான் முதலில் நிற்பது சிட்லபாக்கம் ஏரிக்கரையில். நடைபாதை போட்டபிறகு அங்கே உட்கார இடம் இருக்கிறது. போன வாரம் ஒரு கொக்கு, தண்ணீர் விளிம்பில் ஒரு காலை மடக்கிக்கொண்டு, நான் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அசையவே இல்லை. அடுத்த நொடி மீன் அதன் அலகில்.

அங்கிருந்து உள்தெருக்களாகவே போகலாம். தாம்பரம்–வேளச்சேரி சாலையைக் குறுக்கே தாண்டும் இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அவசரம் வேண்டாம்.

மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில். கருவறைக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சுவர் மூலையாக மடியாமல் அரைவட்டமாக வளைந்து, படுத்திருக்கும் யானையின் பின்புறம் போலவே இருக்கும். தூங்கானை மாடம் என்று எவ்வளவு அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள்! சாயங்கால வெயில் அந்த வளைவில் மெல்ல நழுவுவதைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

அதனால் பங்குனி முதல் ஆடி வரை எனக்கு மாடம்பாக்கம்தான். குன்றத்தூரைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இறங்கியிருக்கும். இரண்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். இருட்டிய பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் வேண்டாம்.