ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ் மின்ட்: ஆறு மாத அனுபவம்

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில் என் ஜெராக்ஸ் கடை. பொள்ளாச்சிக்காரர் பட்டா நகல் எடுத்துக்கொண்டிருப்பார், பின்னாலேயே பாலக்காட்டு ரேஷன் கார்டோடு ஒருவர் நிற்பார். எல்லார் கையிலும் பென்டிரைவ். வைரஸ் வருவதே அதில்தான்.

கடை லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவச அப்டேட், முடிந்தது. அப்டேட்தானே என்று விட முடியாது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது கேரளத்தில் சில பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, யாரும் போடவில்லை.

என்னுடைய லேப்டாப்பில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். ஒரு சர்வீஸ் கடையில் எப்படியோ விண்டோஸ் 11-ஐயே ஏற்றிக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டர் அணைந்து கிடக்கிறது, சி டிரைவ் முழுக்க 'ஸ்கேன் பண்ணாதே' என்ற விலக்குப் பட்டியலில். லைசென்ஸ் வாங்காமல் ஓட வைக்கும் கிராக் வேலை செய்ய வேண்டுமே! எத்தனை பேருடைய ஆதார் நகல் அதில் கிடக்கிறது என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது.

அன்று ராத்திரியே, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை இறக்கினேன். 3 ஜிபிக்குள்தான், காசும் கிடையாது. இன்ஸ்டால் பண்ணியது பத்தாவது படிக்கும் என் பெண். கேரள அரசுப் பள்ளிகளில், கைட் என்ற அரசு கல்வித் தொழில்நுட்ப அமைப்பு கொடுக்கும் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடமே நடக்கிறது. எனக்குத்தான் புதுசு.

போன வாரம் ஒரு பையன் வந்தான். "ஏனுங்ணா, என் போல்டரெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்க?" ஷார்ட்கட் வைரஸ். நிஜ போல்டரை ஒளித்து, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் வைத்திருந்தது. விண்டோஸில் அதைத் தட்டியிருந்தால் கதை முடிந்தது. மின்ட்டில் ஒளித்ததும் தெரிகிறது, ஷார்ட்கட்டைத் தட்டினாலும் அசையவில்லை. அதற்காக லினக்ஸுக்கு வைரஸே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெட் வழியாக வெளியாள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் முதலில் ஆஃப்பில்தான் இருக்கும், நாமே ஆன் பண்ண வேண்டும். ஆனால் சிஸ்டத்தில் எதைப் போட்டாலும் பாஸ்வேர்ட் கேட்கிறது. முன்பு கடைப்பையன் முதல் நான் வரை எல்லாரும் அட்மின் அக்கவுண்டில்தான் உட்கார்ந்திருந்தோம்.

தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, மலையாளமும் உண்டு. பழைய தமிழ் ஃபைல்களைத் திறக்க வேண்டிய பாமினி ஃபாண்ட்டை மட்டும் காப்பி பண்ணிப் போட்டேன். ஸ்கேனருக்குத்தான் டிரைவர் கிடைக்கவில்லை. அதற்காகப் பழைய டெஸ்க்டாப்பை மூலையில் வைத்திருக்கிறேன், நெட் வயரைப் பிடுங்கிவிட்டு.